யாரைக் கேட்பது?

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் போகும் பஸ் போளூரையும் கண்ணமங்கலத்தையும் தாண்டி, வேலூர் நெருங்கும் நேரத்தில் கணியம்பாடியில் நிற்கும். முதுமைக்கால மறதி நோய் பற்றிய உலக ஆராய்ச்சியில் ஹவானா, லிமா, பெய்ஜிங் ஆகிய பெருநகரங்களோடு சேர்ந்து இடம்பிடித்தது இந்த ஒன்றியம். வேலூர் சி.எம்.சி. பல பத்தாண்டுகளாகப் பொதுச் சுகாதாரப் பணி செய்துவரும் கிராமங்கள் இவை. 65 வயதைக் கடந்த ஏறக்குறைய ஆயிரம் பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் அந்தப் பணியை முன்னின்று நடத்தினார். சென்னையில் இன்னோர் ஆயிரம் பேரைப் பார்த்தார்கள்.

அந்த ஆய்வுக் குழுவின் பெயர் 10/66. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை. இந்த அநியாயத்தையே பெயராக வைத்துக்கொண்டு 1998-இல் கொச்சியில் கூடித் தொடங்கினார்கள். இப்படிக் கோபத்தைப் பெயராகச் சூடிய ஆராய்ச்சிக் குழு வேறு ஏதும் எனக்கு நினைவில்லை.

*

2008-இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வந்தன. ஏழு நாடுகள், 11 இடங்கள், ஏறக்குறைய 15,000 முதியவர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறைப்படி எண்ணினால் கியூபாவில் 6.3 சதவீதம் பேருக்கு மறதி நோய். இந்தியக் கிராமத்தில், அதாவது கணியம்பாடியில், 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று பேர்.

நம் ஊர்ச் சாப்பாடும் கூட்டுக் குடும்பமும் காப்பாற்றிவிட்டன என்று பெருமைப்படத் தோன்றும். ஆய்வாளர்கள் அத்துடன் விடவில்லை. தாங்களே உருவாக்கி, பல நாடுகளில் சரிபார்த்த இன்னோர் அளவுகோலால் அதே மனிதர்களை மறுபடி எண்ணினார்கள். இப்போது எண்ணிக்கை எல்லா இடத்திலும் கூடியது. ஊருக்கு ஊர் இருந்த பெரிய இடைவெளியும் குறைந்தது. மிகக் குறைவான இடத்தில் 5.6 சதவீதம், மிக அதிகமான இடத்தில் 11.7.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஞாபகம் குறைந்தால் மட்டும் போதாது, அன்றாட வேலை செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க வரையறை. முடிகிறதா இல்லையா என்பதை நோயாளியால் சொல்ல முடியாது, கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் கூட இருப்பவர்கள், “அவங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க” என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை.

*

எங்கள் தெருவில் ஓர் ஆயா. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டார் என்று முதலில் மருமகள் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டார் என்று அடுப்படிப் பக்கமே வர விடவில்லை. ரேஷன் கடைக்குப் போனவர் பையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தார். பேரன் போக ஆரம்பித்தான். முந்தானையில் முடிந்திருந்த காசு எங்கே என்று தினமும் தேடினார். காசு கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு வேலையும் ஒரு சண்டையும் இல்லாமல், அன்போடுதான் அவர் கையைவிட்டுப் போனது. இப்போது திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. அந்த வேலையில் அவருக்குச் சிரமம் எதுவும் கிடையாது.

மருமகளிடம் கேட்டேன். “அத்தை நல்லாத்தான் இருக்காங்க. வயசாச்சு இல்ல, லேசா அறளை பேந்துடுச்சு” என்றாள். குளிப்பாட்டுவது, சேலை கட்டிவிடுவது, ராத்திரி எழுந்து வாசல் கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள்தான். பகலில் தூக்கம் சொக்கும் கண்ணோடுதான் பேசினாள். அவள் தன்னை யாருக்கும் சிகிச்சைத் துணையாக நினைத்துக்கொள்ளவில்லை. மாமியார் நோயாளி இல்லை என்றால், இவள் படும் பாட்டுக்கும் கணக்கு இல்லை. 0.3 என்ற அந்த எண்ணுக்குள் காணாமல் போனவர்களில் மருமகள்களும் மகள்களும் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

*

முதியவரிடமே நேராகக் கேட்கும் கேள்விகளிலும் சிக்கல் உண்டு. பள்ளிக்கூடம் போகாதவரிடம் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது பரீட்சை ஆகாது. 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் அதை மாற்றினார்கள்: கழித்தலுக்குப் பதில் வாரத்தின் நாட்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் எழுது என்பதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இது. எழுதத் தெரியாத கிழவியும் தன் வீட்டைப் பற்றி ஒரு முழு வாக்கியம் சொல்வாள்.

*

கணக்கெடுப்புகள் பெரிதாகிவிட்டன. 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய். தலைக்கணக்கில் 88 லட்சம். ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தைவிடக் கிராமத்துக்கு அதிகம். கணியம்பாடியின் 0.3-ஐ இதோடு வைத்துப் பார்க்கலாம். இவற்றுக்கு முன்பே, 1997-இல், சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தார் திருப்போரூர் பக்கக் கிராமங்களில் எடுத்து வெளியிட்ட கணக்கு 3.5 சதவீதம். ஒரே தமிழ்நாட்டுக் கிராமங்கள்தான். கேள்வி கேட்ட விதம் வேறு வேறு.

*

இனி திருவண்ணாமலை கிரிவலப் பாதைக்கு வருகிறேன். 14 கிலோமீட்டர். பௌர்ணமி அல்லாத நாளில் காலை வேளையில் நடந்தால், கூட்டம் மறைத்து வைத்திருக்கும் மனிதர்கள் தெரிவார்கள். அக்னி லிங்கத்திலிருந்து ஈசானிய லிங்கம் வரை மரத்தடியிலும் மண்டபத்திலும் நடைபாதையிலும் வயதானவர்கள். காவி கட்டியவர்கள், கட்டாதவர்கள். சிலர் தேடி வந்தவர்கள். சிலர் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். யார் எந்த வகை என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. கேட்டாலும் சிலரால் சொல்ல முடியாது.

தேசிய ஆய்வு வீடுகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. கணியம்பாடியிலும் வீடு வீடாகத்தான் போனார்கள். வீடு இல்லாதவர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார். தற்செயலாக வந்தாலும், “இவரை நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்” என்ற இடத்தில் விசாரணை நின்றுவிடும். இந்த ஊரில் பசிக்குச் சோறு கிடைக்கும்; ஆசிரமங்களும் அன்னதானக்காரர்களும் அதைக் குறையில்லாமல் செய்கிறார்கள். சாப்பிட்டதை மறந்து மறுபடி வரிசையில் நிற்பவரையும் யாரும் விரட்டுவதில்லை. நல்ல மனசு. ஆனால் மறதி அதிகமாகிறது என்று கவனித்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

ஆள் இருக்கிறார் என்று ஒரு டீக்கடையில் தெரிந்தது. தாடி வைத்த ஒரு பெரியவர் டீ குடித்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, “நான் எவ்ளோ பாக்கிப்பா?” என்றார். “குடுத்துட்டீங்க சாமி” என்று அனுப்பிவிட்டுக் கடைக்காரர் என்னிடம் சொன்னார்: “முன்னெல்லாம் இப்படி இல்லீங்க. போன கார்த்திகை தீபத்துக்கு அப்புறந்தான். பேரு சொல்லிக் கூப்புடுவாரு என்னை, இப்ப தம்பின்னு மட்டும் சொல்றாரு. வலது பக்கம் போகவேண்டியவரு இடது பக்கம் போயிட்டு நிக்கிறாரு.”

எப்போது தொடங்கியது, என்ன மாறியது, வழி தெரிகிறதா, பெயர் நினைவிருக்கிறதா. ஆய்வாளர்கள் குடும்பத்தாரிடம் கேட்கும் கேள்விகளுக்கான பதில் அத்தனையும் அந்த மனிதரிடம் இருந்தது. பாதையோரக் கடைக்காரர்கள், பூக்காரம்மாக்கள், சோறு பரிமாறுகிறவர்கள், இவர்களைக் கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். திருவண்ணாமலைக்கு அது கட்டாயம் வேண்டும்.

பெருங்கூட்டம் கூடும் திருவிழாக்களில் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டையைப் போலீஸார் கட்டிவிடுகிறார்கள். வயதானவர்களுக்கும் கட்ட வேண்டும்.

*

மறதியெல்லாம் மறதி நோய் அல்ல. இதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்பேன். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, குளியலறையில் வழுக்கி விழுந்து தலைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம், தூக்கத்துக்கும் சளிக்கும் தானாக வாங்கிச் சாப்பிடும் சில மாத்திரைகள், எல்லாமே புத்தியைத் தடுமாற வைக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

மனச்சோர்வும் மறதி வேஷம் போடும். மதுரையில் டாக்டர் ஏ. வெங்கோபா ராவ் 1980-களின் தொடக்கத்திலேயே முதியவர்களின் மனநலத்தை வீடு வீடாக ஆராய்ந்து எழுதினார். கணவன் போன பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்ட கிழவி, பிள்ளை பெங்களூரு போனபின் சாப்பாட்டைக் குறைத்த கிழவர் ஆகியோரின் துக்கத்தையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மருந்தாலும் பேச்சாலும் தேறக்கூடியவர்கள் திண்ணையிலேயே முடிந்துபோகிறார்கள். எனக்கு இதில்தான் அதிகம் வயிறெரிகிறது.

காது கேளாமையும் இருக்கிறது. 2024-இல் ‘லான்செட்’ இதழ் அமைத்த குழு, மறதி நோய்க்குத் தவிர்க்கவோ குறைக்கவோ கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. சரிசெய்யாத காதும் கண்ணும் அதில் உண்டு. அந்த 14-ஐயும் வாழ்நாள் முழுக்கக் கவனித்தால் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்கிறார்கள். கண்புரை அறுவைக்கு முகாம் போடும் நம் ஊரில் காது கேட்கும் கருவிக்கும் முகாம் போட்டால் நல்லது.

*

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்க வேண்டும் என்பது அங்கே ஆரம்ப காலம் முதலே வழக்கம். பூட்டிய வார்டுகள் சாதாரணமாக இருந்த காலத்தில் எடுத்த முடிவு அது. கூட இருப்பவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று உலகம் முழுக்க மறதி நோய்ப் பராமரிப்பின் மைய விஷயம்.

சென்னையில் ஸ்கார்ஃப் செய்துவரும் ஒரு வேலையும் குறிப்பிட வேண்டியது. இங்கிலாந்தில் உருவான, 14 அமர்வுகள் கொண்ட குழுப் பயிற்சி ஒன்றைத் தமிழர்களுக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். பரீட்சை வைக்காமல், பழைய நினைவு, பாட்டு, விளையாட்டு, சாப்பாடு என்று பேசவைத்து மூளைக்கு வேலை கொடுப்பது. திருவெம்பாவை இந்த ஊரில் பாடப்பட்டதாகச் சொல்வார்கள். மார்கழி தோறும் அதைப் பாடி வளர்ந்த கிழவிகள் மகளின் பெயரை மறந்த பின்னும் பாட்டை விடாமல் பாடுவதைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் பதிந்தது கடைசியில்தான் போகிறது. திருவண்ணாமலையில் இப்படி ஒரு குழு கூட மண்டபத்துக்கும் பாட்டுக்கும் பஞ்சமில்லை. நடத்தத் தெரிந்தவர்களைத்தான் தயார் செய்ய வேண்டும்.

*

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல், பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்கள் அந்தந்தப் பகுதிக்காரர்கள். அடுப்படி வரை போகிறவர்கள். பிரஷரும் சுகரும் கட்டுக்குள் இருந்தால் மூளைக்கும் நல்லது என்பது ஒருபுறம். இன்னொன்று, அவர்களால் மட்டுமே பார்க்க முடிவது: போன மாதம் கொடுத்த மாத்திரை அட்டை. முப்பது மாத்திரையில் பத்தொன்பது மிச்சம் இருக்கும் வீட்டிலும், இருபது நாளிலேயே தீர்ந்துபோன வீட்டிலும் ஏதோ நடக்கிறது. அந்த வீட்டு மருமகளையோ மகளையோ தனியே கூப்பிட்டு, “அத்தை போன வருஷம் வரைக்கும் செஞ்ச வேலையில எதையெல்லாம் இப்ப நீங்க செய்யுறீங்க?” என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். எழுதியதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பார்த்து, ரத்தப் பரிசோதனை முடித்து, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கு அனுப்பலாம். நோட்டில் ஒரு பத்தி கூடுதல், அந்தப் பெண்களுக்குச் சில நாள் பயிற்சி, அதற்குத் தகுந்த சம்பளம். மாவட்ட நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.