ஷராக்கு வரைந்த முகங்கள்

ஓய்வுக்குப் பிறகு ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் மேல் எனக்கொரு பைத்தியம். அதிலும் ஷராக்கு! 1794இல் எடோ நகரில் திடீரென்று வந்தார். கபுகி நடிகர்களை வரைந்தார். சுமார் பத்தே மாதத்தில் காணாமல் போனார். யாரென்று இன்றுவரை சர்ச்சைதான்.

எடோபெய் என்ற வில்லனாக ஓதானி ஓனிஜி நிற்கும் படத்தைப் பாருங்கள். உடைக்குள்ளிருந்து விரல்களை விரித்து நீளும் இரு கைகள்! பணம் பறிக்க வந்தவன் என்று சொல்லவே வேண்டாம். (கைகள் முகத்துக்குப் பொருந்தாத சிறுசு. இருக்கட்டுமே.)

பெண் வேடமிட்ட ஆண்களை மற்ற ஓவியர்கள் பெரும்பாலும் அழகிகளாகவே காட்டினார்கள். இவரோ வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்த நடுவயது ஆணின் தாடையையும் விடவில்லை. காசு கொடுத்து வாங்கும் ரசிகன் அதையா கேட்பான்? உள்ளதை உள்ளபடி வரையப் போய்த்தான் நிலைக்கவில்லை என்று பழைய குறிப்பொன்றே சொல்கிறது. எனக்கென்னவோ அந்தத் தாடையைப் பார்த்த பிறகுதான் நடிகர் மேல் மரியாதை கூடியது. அதை வைத்துக்கொண்டு பெண்ணாக மேடையேறி, சபையை நம்ப வைத்திருக்கிறாரே!