ஆட்டம் துறந்த ஆசான்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கியப் பொருளையே எதிர்பார்த்திருப்பர். யாமோ சதுரங்க ஆசான் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

1976இல் பிறந்த சென்னை ஆர். பி. ரமேஷ், 2002இல் பிரித்தானியச் சாம்பியன் பட்டத்தை வென்றார். 2003இல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2007இல் பொதுநலவாயப் போட்டியிலும் வாகை சூடினார். அடுத்த ஆண்டே, 32 வயதளவில், களத்தை விட்டு விலகி, துணைவியார் ஆர்த்தி ராமசாமியுடன் 'செஸ் குருகுல்' என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். அம்மையாரும் எளியவரல்லர், 1999இல் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றவர்.

இன்னும் உயரக்கூடியவர் இடையில் நின்றது எதற்காக என உலகம் கேட்கும். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழுடன் வரிப்பத்தான்சேனையில் வயல் சூழ்ந்த வகுப்பறையொன்றில் நிலைத்துவிட்ட எம்மையும் உறவினர் இவ்வாறே கேட்பதுண்டு. "அதிபர் பரீட்சை எழுதலாமே? கல்முனைக்காவது மாற்றம் எடுக்கலாமே?" நாற்பதைக் கடந்த எமக்கு இக்கேள்வி உறைக்கவே செய்கின்றது.

ரமேஷின் விடை அவர்தம் மாணாக்கரே. பிரக்ஞானந்தா 2018இல் 12 வயதிற் கிராண்ட் மாஸ்டர் ஆனார். தமக்கை வைசாலி அத்தகுதியை 2023இல் எய்தினார். உடன்பிறந்த தமக்கையும் தம்பியும் அந்நிலை அடைந்தது உலகில் அதுவே முதன்முறை. 2014இல் நோர்வேயில் இந்தியா ஒலிம்பியாட் வெண்கலம் வென்றபோதும், 2022இல் மாமல்லபுரத்தில் இளைஞர் மலிந்த இந்திய 'பி' அணி வெண்கலம் வென்றபோதும் பயிற்றுநர் அவரே. 2023ஆம் ஆண்டுக்கான துரோணாசாரியார் விருதும் அவரை வந்தடைந்தது. (கட்டைவிரலைக் காணிக்கை கேட்ட ஆசானின் பெயரால், தம் ஆட்டத்தையே கொடுத்த ஆசானுக்கு விருது!)

கடிய நிலையொன்றை முன்வைத்து, காய்களைத் தொடாது, நகர்வுகளை மனத்திலேயே ஆடி விடை காணச்செய்வது அவர் வலியுறுத்தும் பயிற்சி. கணிப்புத் திறனைப் பற்றி 2022இல் நூலும் வெளியிட்டார். செய்யுள் கற்பிக்கும்போது யாமும் இதனைக் கைக்கொள்கின்றோம். உரையை உடனே சொல்லாது மாணவரைச் சற்று மௌனமாய் இருக்க விடுகின்றோம். நாவை அடக்குதல் ஆசிரியர்க்கு எத்துணை அரிதென்பதை ஆசிரிய அன்பர்கள் அறிவர்.

பாடசாலை விட்டபின், அஸர் தொழுகைக்கு அழைப்பு ஒலிக்கும்வரை எம் மாணவர் சிலர் சதுரங்கம் ஆடுகின்றனர். பலகை, அட்டையிற் கோடிட்டது. தொலைந்த யானைக்குப் பதிலாகச் சோடா மூடி. ஆட்டம் பழக்கியவர் யாமே. அவர்களுள் இருவர் எம்மை வெல்லத் தொடங்கி ஒரு தவணை ஆகின்றது.