கல்லாப்பெட்டியின் மணி

பண்டிகையைப் பரிகாசம் செய்கிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஸ்டான் ஃபிரீபர்க் மட்டும் விதிவிலக்கு. இந்த அமெரிக்க ஹாஸ்யக்காரர் 1958-இல் 'கிரீன் கிறிஸ்துமஸ்' என்றொரு இசைத்தட்டு வெளியிட்டார். 1843-இல் டிக்கன்ஸ் படைத்த கஞ்சன் ஸ்குரூஜ், அதில் விளம்பரக் கம்பெனி முதலாளி! கிராட்சிட் என்ற சின்ன மசாலா வியாபாரி, சரக்கின் பேச்சே இல்லாமல் சமாதான வாழ்த்து மட்டும் அனுப்ப ஆசைப்படுகிறான். ஸ்குரூஜுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. முடிவில் பண்டிகைப் பாட்டோடு கல்லாப்பெட்டியின் மணியும் சேர்ந்து ஒலிக்கிறது.

தெய்வ நிந்தனை என்று சிலர் கோபித்தார்கள். சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஆனால் ஃபிரீபர்க் ஒரு பாதிரியாரின் பிள்ளை. அவர் பரிகசித்தது தொழுவத்தில் பிறந்த குழந்தையை அல்ல. அதன் பேரில் கடை விரித்தவர்களைத்தான். பண்டிகையைத் தன் வீட்டுச் சொத்தாக நினைக்கிறவனுக்குத்தானே அப்படி வயிறு எரியும்?

வேடிக்கை என்னவென்றால், அவரே விளம்பரங்கள் தயாரித்துப் பேர் வாங்கியவர். அதனால் என்ன? தீபாவளி மலரில் என் கதையும் பட்டுப்புடவை விளம்பரங்களுக்கு நடுவேதான் வருகிறது. என் சன்மானமும் அந்தப் பணம்தான். கடைக்குள் உட்கார்ந்திருப்பவன் காதில்தான் கல்லாவின் சத்தம் சரியாக விழும். அதைக் கேட்டுச் சொல்ல ஒருவராவது வேண்டும், ஐயா.