மோட்டார் சத்தம் நிற்கும் இடம்

காமர்ஸ் படிக்கிறவனுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பில் கேட்பார்கள். காசு எங்கே போகிறது என்று தேடுவதுதானே நம் பாடம்? தினமும் தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் போகிற எனக்கு அந்தத் தேடல் ரயில் பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

மோட்டார் உள்ள பெட்டியில் ஏறினால் கவனித்துப் பாருங்கள். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியதும் மோட்டார் சத்தம் ஏறிக்கொண்டே போகும். பிறகு சட்டென்று அடங்கிவிடும். ஆனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். டிரைவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருள விடுகிறார். 'கோஸ்டிங்' என்று பெயர். தூரத்தில் சிவப்பு சிக்னலைப் பார்த்ததும் சைக்கிள்காரர் மிதிப்பதை நிறுத்துவாரே, அதேதான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால் வேகம் மெதுவாகத்தான் குறையும்.

இதில் என்ன மிச்சம்? பிளஸ் டூ ஃபிசிக்ஸ் போதும். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். வண்டியும் ஜனமும் சேர்ந்து 500 டன் என்று வைத்துக்கொள்வோம். 72 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 28 யூனிட். 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்களே, அந்த 100 யூனிட் நாலு ஸ்டேஷனுக்குள் காலி! 72-லேயே பிரேக் போட்டால் அந்த 28 யூனிட்டையும் பிரேக்தான் விழுங்க வேண்டும். முக்கால், ஒரு கிலோமீட்டர் உருண்டு வேகம் 65-க்கு இறங்கிய பிறகு போட்டால் 22 அல்லது 23 யூனிட்தான். மிச்சம் சுமார் 5 யூனிட். அதற்குக் கொடுக்கும் விலை இரண்டு மூன்று நொடி.

பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 17 இடைவெளிகள். பாதியில் இப்படிச் செய்ய முடிந்தாலே ஒரு நடைக்கு 40 யூனிட். நாள் முழுவதும் ஓடும் வண்டிகளைக் கூட்டிப் பாருங்கள்.

"இப்பதான் பிரேக் போட்டாலே கரண்ட் திரும்பி வருதே, அப்புறம் எதுக்குடா உருட்டணும்?" என்றான் நண்பன். நல்ல கேள்வி. புது வண்டிகளில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். டெல்லி மெட்ரோ 2004 முதல் 2007 வரை இப்படி 1,12,500 மெகாவாட் மணி மின்சாரத்தைத் திரும்பப் பெற்று, ஐ.நா.வின் கார்பன் கிரெடிட்டும் வாங்கியது. ஆனால் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், கம்பி என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கழிவு போய்த்தான் மீதி கிடைக்கும். கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பிடித்தம் போகத்தானே பணம் வரும்? தேவைக்கு மேல் வாங்காமலே இருப்பது முழு லாபம். கோஸ்டிங் அந்த வகை.

சரி, எல்லா டிரைவரும் எப்போதும் உருட்டலாமே? முடியாது. அதற்குக் கையில் நொடி மிச்சம் இருக்க வேண்டும். வண்டி லேட்டானால் கடைசி வரை மோட்டாரை ஓட்டி, ஸ்டேஷன் வந்ததும் பிரேக் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் அடுத்த வண்டி வேறு வந்துகொண்டிருக்கும். ஆகவே கால அட்டவணையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை வீண் என்று நாம் திட்டக்கூடாது. மின்சாரச் சேமிப்புக்கு அதுதான் முதலீடு.

அந்த முதலீட்டைத் தின்பது யார்? உள்ளே இடம் இருந்தும் வாசலை அடைத்து நிற்கிறோம். இறங்குகிறவர் முட்டி மோதி இறங்க, ஏறுகிறவர் காத்திருக்க, ஐந்து நொடி போய்விடும். இரண்டு மூன்று நொடிக்கு 5 யூனிட் என்றால், அந்த ஐந்து நொடிக்கு எவ்வளவு? டிரைவர் மிச்சம் பிடிக்கிறார், வாசலில் நிற்கும் நாம் செலவழிக்கிறோம். பில் மட்டும் நமக்கு வருவதில்லை.

ரயில்வேயில் வேலை பார்க்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் என் கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் தயவுசெய்து கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்கள் :-)