மாட்டுக்கு யாரு?

எங்க வீட்ல ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தா முதல்ல தேதி பாக்க மாட்டோம். "மாட்டுக்கு யாரு?"ன்னுதான் கேப்போம். உள்ளூர்க் கல்யாணம்னா ரெண்டு பேரும் போவோம். வெளியூர்னா ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் பெரும்பாலும் நான்தான்.

நகரத்துல இருக்கற நண்பர்களுக்கு இது புரிய கொஞ்சம் கஷ்டம். மாடு வளர்க்கறதுன்னா தினமும் விடிகாலை நாலரைக்கும் சாயங்காலம் நாலுக்கும் ஒரு ஆள் வீட்ல இருந்தே ஆகணும்னு அர்த்தம். தீபாவளியா இருந்தாலும் சரி, காய்ச்சலா இருந்தாலும் சரி. அதுவும் கறக்கற கை மாறினா மாடு ஒத்துக்காது. எங்க வீட்ல அந்தக் கை என் வீட்டுக்காரம்மாவோடது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. சொசைட்டியில பால் கணக்குப் புத்தகம்கூட அவ பேர்லதான் இருக்கு.

2024 மே மாசம். உளுந்து எடுத்து முடிச்சு வயல் சும்மா கெடந்துச்சு. டீக்கடையில எந்நேரமும் ஒரே பேச்சு, மேட்டூர்ல எத்தனை அடின்னு. நாங்க மன்னார்குடி பக்கம், ஆத்துத் தண்ணிய நம்பி இருக்கறவங்க. மேட்டூர்ல ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடறது வழக்கம். ஜூன் 12 திறந்தா குறுவை, இல்லேன்னா போர்செட்டு வச்சிருக்கறவனுக்கு மட்டும் குறுவை. அந்த வருஷம் நீர்மட்டம் 50 அடிக்குப் பக்கத்துல கெடந்துச்சு. முழுக் கொள்ளளவு 120 அடி.

அப்பதான் வாத்தியார் கேட்டார். ரிட்டயர் ஆகி வந்து விவசாயம் பாக்கறவர். "தெனமும் மேட்டூர் மேட்டூர்னு பேசறீங்களே, உங்கள்ல எத்தனை பேர் அதப் பாத்திருக்கீங்க?"

ஒருத்தரும் பாத்ததில்ல. மூணு தலைமுறையா அந்தத் தண்ணியக் குடிச்சு அந்தத் தண்ணியில நட்டு சாப்பிடறோம். போய்ப் பாக்கணும்னு தோணினதே இல்ல. அங்கேயே முடிவாச்சு. வாத்தியார், போர்செட்டு மாமா, கார் வச்சிருக்கற மாப்ள, நான். நாலு பேர், ரெண்டு நாள்.

வீட்ல சொன்னேன். மாடு சினை. காலண்டர்ல ஊசி போட்ட தேதியிலேர்ந்து 280 நாள் கணக்குப் போட்டு வட்டம் போட்டிருந்தோம். வட்டத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்துச்சு. "அதான் நாள் கெடக்கே, போயிட்டு வாங்க"ன்னா. நானும் ரெண்டாவது தடவை கேக்கல. கேட்டிருந்தா போக வேண்டாம்னு சொல்லிடுவாளோன்னு பயம்னு இப்ப ஒத்துக்கறேன்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, விடிஞ்சு நல்லா வெளிச்சம் வந்தப்ப கல்லணையில இருந்தோம். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலாப் பிரியற எடம். நம்ம தண்ணி வெண்ணாத்துல வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்புல மறுபடி பிரிஞ்சு, அப்புறம்தான் நம்மூர் வாய்க்காலுக்கு வருது. மதகுக்குக் கீழ ஒரே மணல். ஆட்டுக்குட்டி ரெண்டு மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. யானை மேல உக்காந்திருந்த கரிகாலன் சிலைய நாலு பேரும் அண்ணாந்து பாத்துட்டு, அங்கேயே கட்டிக்கிட்டு வந்த புளிசாதத்தப் பிரிச்சோம். அவ கட்டிக் குடுத்தது. நாலு பேருக்கும் சேத்துக் கட்டியிருந்தா. அதுக்கு அவ எத்தனை மணிக்கு எந்திரிச்சிருப்பான்னு அப்ப யோசிக்கல.

திருச்சி, முசிறி, நாமக்கல், சங்ககிரின்னு போய் மத்தியானம் மேட்டூர் சேர்ந்தோம். அணையப் பாத்ததும் மாமா செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டார். யாரும் சிரிக்கல. 1925ல ஆரம்பிச்சு 1934ல முடிச்சிருக்காங்க. முழுசா நிரம்பினா 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கன அடி. வாத்தியார் கணக்குச் சொல்லிக்கிட்டே வந்தார். ஆனா நாங்க பாத்தப்ப அணைச் சுவத்துல தண்ணி நின்ன கோடு எங்கியோ மேல இருந்துச்சு, தண்ணி எங்கியோ கீழ கெடந்துச்சு. மாப்ள கொஞ்ச நேரம் பாத்துட்டு, "குறுவை இல்ல மாமா"ன்னான். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் போய்க் கட்லா மீன் பொரிக்கச் சொல்லி வயிறு முட்டச் சாப்பிட்டோம். துக்கம் ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு லாட்ஜுலேர்ந்து வீட்டுக்குப் போன் பண்ணேன். "சாப்டீங்களா? மீன் நல்லாருந்துச்சா?"ன்னு கேட்டா. பின்னால மாடு கத்தற சத்தம். "என்ன அது?"ன்னேன். "அது எப்பவும் கத்தறதுதான். நீங்க தூங்குங்க."

மறுநாள் ஒகேனக்கல் போனோம். தண்ணி கம்மியா ஓடினாலும் குளிக்க நல்லா இருந்துச்சு. எண்ணெய் மசாஜ், பரிசல்னு ஒண்ணும் விடல. திரும்பி வீட்டுக்கு வரப்ப ராத்திரி பதினொண்ணு. கை கால் கழுவிட்டு உக்காந்தேன். தட்டுல ஒரு துண்டு சீம்பால் வச்சுக் குடுத்தா. வெல்லம், ஏலக்காய் போட்டு அவிச்சது.

சீம்பாலப் பாத்துட்டும் எனக்கு உடனே உறைக்கல. ஒரு வாய் தின்னுட்டுதான், "யார் வீட்ல கன்னு போட்டுச்சு?"ன்னு கேட்டேன்.

"நம்ம வீட்லதான்."

நான் போன் பண்ணப்பவே வலி எடுத்துடுச்சாம். ரெண்டு மணி வரைக்கும் போராட்டம். கன்னு முன்னங்கால் ஒண்ணு மடங்கி நின்னிருக்கு. ராத்திரியில டாக்டர் போன எடுக்கல. பக்கத்து வீட்டு அக்காவ எழுப்பி, ஒருத்தர் டார்ச் பிடிக்க, இவ கைய விட்டு காலை நேராக்கி இழுத்திருக்கா. கிடாரிக் கன்னு. இளங்கொடி விழற வரைக்கும் விடிய விடிய உக்காந்திருந்திருக்கா. உள்ள எங்கம்மா வேற, எண்பது வயசு, தண்ணி கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க.

"போன்ல சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? அங்கேர்ந்து காலை இழுத்து விடுவீங்களா? அந்த ராத்திரியில கார எடுத்துக்கிட்டு ஓடி வருவீங்க. ஒரு நாள் நிம்மதியா இருங்கன்னு விட்டேன்."

தொழுவத்துக்குப் போய்ப் பாத்தேன். கன்னு நெத்தியில வெள்ளைச் சுட்டியோட படுத்திருந்துச்சு. மாடு என்ன ஒரு பார்வை பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு. வந்து செல்போன்ல போட்டோ காட்டினேன். அணை, கரிகாலன், பரிசல், மீனு. ஒவ்வொண்ணாப் பெருசு பண்ணிப் பாத்தா. முடிச்சுட்டு, "பெருசாத்தான் இருக்கு"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு அவ கேக்கல. கேட்டிருந்தா "மாட்டுக்கு யாரு?"ன்னு சொல்லித் தப்பிச்சிருப்பேன். கேக்காததுதான் ராத்திரி பூரா உறுத்துச்சு.

மறுநாள் டீக்கடையில நடந்ததச் சொன்னேன். எல்லார் வீட்டுக் கதையும் கிட்டத்தட்ட அதேதான். வாத்தியார் சம்சாரத்துக்குக் காய்ச்சல், சொல்லல. மாமா வீட்ல மோட்டார் பழுது, சொல்லல. கடைசியில மாப்ளதான் சொன்னான். "காரு நிக்குது. ரெண்டு வாரம் போகட்டும், அவங்க நாலு பேரும் போகட்டும். என் மவன் ஓட்டிட்டுப் போவான்."

வீட்ல சொன்னப்ப நம்பல. "பால் யார் கறக்கறது?" "நான்." சிரிச்சா. நல்லாவே சிரிச்சா. ஆனா ஜூன் முதல் வாரத்துல ஒரு விடிகாலை நாலு பேரும் பட்டுப்புடவை கட்டிக்கிட்டுக் கிளம்பினாங்க. அணையப் பாக்க எதுக்குப் பட்டுப்புடவைன்னு மாமா கேட்டார். "நீங்க எதுக்குச் செருப்பக் கழட்டினீங்க?"ன்னு மாமி கேட்டாங்க. மாமா வாய மூடிக்கிட்டார்.

அன்னிக்கு என் பாடு இருக்கே! சாணி அள்ளி, தவிடு புண்ணாக்கு கரைச்சு வச்சு, கன்ன ஊட்ட விட்டு, மடியக் கழுவி, விளக்கெண்ணெய் தொட்டு உக்காந்தா, மாடு ஒரு உதை. குண்டான் உருண்டு வாசலுக்குப் போச்சு. ரெண்டாவது தடவை உதைக்கல, ஆனா பால அடக்கிக்கிச்சு. காம்பப் பிடிச்சு இழுக்கறேன், சொட்டுச் சொட்டா வருது. திண்ணையிலேர்ந்து எங்கம்மா சத்தம் போட்டாங்க. "டேய், அவ கட்டற பழைய புடவைய மேல சுத்திக்கடா!"

வேற வழியில்ல. கொடியில கெடந்த வீட்டுப் புடவைய முக்காடு போட்டு உக்காந்தேன். மாடு மோந்து பாத்துச்சு. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுட்டு, போனாப் போகுதுன்னு மூணு லிட்டர் குடுத்துச்சு. அவ கறந்தா ஏழு. அந்த நேரம் பாத்துப் பால் எடுக்கற தம்பி உள்ள வந்துட்டான். "அக்கா..."ன்னு கூப்பிட்டவன் என் மீசையப் பாத்துட்டு நின்னுட்டான். சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சு போச்சு.

அப்புறம் அம்மாவுக்கு வெந்நீர், கஞ்சி, மாத்திரை. கோழி தொறந்து விடணும், அடைக்கணும். பாத்திரம் கெடக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு அவ போன் பண்ணா. "எல்லாம் நல்லாருக்கா?" "எல்லாம் நல்லாருக்கு, நீ தூங்கு"ன்னேன். முதுகு விட்டுப் போயிருந்துச்சு. சொல்லல. அம்மா கேட்டுக்கிட்டே படுத்திருந்தாங்க. "நானும் உங்கப்பாகிட்ட இப்படித்தான்டா சொல்லிக்கிட்டு இருந்தேன்"னாங்க.

அவங்க திரும்பி வந்தப்ப கார் டிக்கி பூரா வெள்ளரிக்காய். அணைய மட்டும் பாக்கல, கொளத்தூர் வழியா பண்ணவாடி பரிசல்துறைக்கும் போயிருக்காங்க. நாங்க மீன் தின்னுட்டுத் திரும்பினோம், அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. அணை கட்டினப்ப மூழ்கிப் போன ஊர்களோட பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் அங்க தண்ணி இறங்கறப்ப வெளிய தெரியும். அந்த வருஷம் நந்தி முழுசா கரையில உக்காந்திருந்துச்சாம். அதச் சுத்தி, தண்ணி வத்தின நிலத்துல சனங்க பயிர் பண்ணியிருக்காங்க. சோளம், கடலை, வெள்ளரி.

"அங்க ஒரு அம்மா வெள்ளரிக்காய் வித்துச்சு. எங்கேர்ந்து வரீங்கன்னு கேட்டுச்சு. மன்னார்குடிப் பக்கம், அணையில தண்ணி ஏறலியேன்னு பாக்க வந்தோம்னு சொன்னேன். அது சிரிச்சுட்டு, 'தண்ணி எறங்குனாத்தான் எங்களுக்கு வெள்ளாமை, ஏறுனாத்தான் உங்களுக்கு'ன்னுச்சு. அதோட பாட்டன் காலத்து வீடு அந்தத் தண்ணிக்குள்ளதான் கெடக்காம். எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. கேட்ட வெலை குடுத்து கூடைய அப்படியே வாங்கிட்டேன்."

நாங்க நாலு ஆம்பளைங்க 93.47 டி.எம்.சி. கணக்கு பாத்துட்டு வந்தோம். இவ ஒரு ஆளப் பாத்துட்டு வந்திருக்கா.

அந்த வருஷம் ஜூன் 12 அணை திறக்கல. எங்க பக்கம் ஆத்துத் தண்ணியில குறுவை இல்ல. ஜூலையில கர்நாடகாவுல மழை பிடிச்சு, வெள்ளமா வந்து, ஜூலை 28 திறந்தாங்க. 30ஆம் தேதி 120 அடி. உபரித் தண்ணியெல்லாம் கொள்ளிடத்துல கடலுக்குப் போச்சு. நம்மூர் வாய்க்காலுக்குத் தண்ணி வந்த அன்னிக்கு சாயங்காலம், நாத்தங்கால் உழவுக்கு மடையத் தொறந்துக்கிட்டிருந்தேன். வரப்புல புல்லறுத்துக்கிட்டிருந்தவ வந்து நின்னா. தண்ணி நுரை தள்ளிக்கிட்டு உள்ள பாஞ்சுச்சு. வருஷா வருஷம் அதப் பாத்தா ரெண்டு பேருக்கும் முகம் மலரும். அன்னிக்கு அவ கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அந்த அம்மா கொல்லை மூழ்கியிருக்கும்ல?"ன்னா.

"அதுக்குள்ள பறிச்சிருப்பாங்க"ன்னேன். நெசமா பறிச்சிருப்பாங்களான்னு எனக்கென்ன தெரியும். மம்பட்டிய எடுத்துக்கிட்டு அடுத்த மடைக்குப் போனேன்.

இப்ப புதுசா ஒரு திட்டம். வர்ற தை அறுப்பு முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் சேந்து போறோம். முதல் தடவையா, ரெண்டு பேரும். சென்னையில இருக்கற பையன்கிட்ட மூணு நாள் லீவு போட்டு வரச் சொல்லியிருக்கேன்.

"பால் கறக்கத் தெரியுமாடா?"

"யூட்யூப் பாத்துக் கத்துக்கறேன்ப்பா."

நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பழைய புடவைய மட்டும் துவைச்சு மடிச்சு தனியா எடுத்து வச்சிருக்கேன்.