இரண்டாம் பிரதி

விதைநெல்லை உண்ணாது ஒதுக்கி வைப்பது உழவர் மரபு. நிலப்பத்திரத்தின் நகலை மற்றோர் இடத்தில் வைத்துக் காப்பது குடும்பத்தலைவரின் முன்யோசனை. நாளைய தேவையை எண்ணி இவ்வாறெல்லாம் ஆவன செய்யும் நாம், கணினியைப் பொறுத்தமட்டில் அசட்டையாகவே இருந்துவிடுகின்றோம். பிள்ளைகளின் நிழற்படங்கள், வரவுசெலவுக் கணக்குகள், மறைந்த பெரியோரின் குரற்பதிவுகள் என எத்தனையோ செல்வங்கள் கையகல ஹார்ட் டிஸ்க் ஒன்றினுள் அடங்கிக் கிடக்கின்றன. அந்த டிஸ்க்கும் ஒரு நாள் ஓய்ந்துபோகும் என்பதை மறுப்பார் உளரோ?

நாங்கள் இருவரும் வீட்டின் முன்னறையில் டி.டி.பி. தொழில் நடத்திவரும் தம்பதியர். திருமண அழைப்பிதழ், நினைவஞ்சலி அட்டை, பள்ளி ஆண்டு மலர் ஆகியவற்றை வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புவதே எங்கள் பிழைப்பு. பேஜ்மேக்கர் என்ற மென்பொருளிலும் பாமினி என்ற எழுத்துருவிலும் பழகிய கைகள் எங்களுடையவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பாகிய 7.0 வெளிவந்தது 2001ஆம் ஆண்டில். பாமினியோ யூனிகோடு முறையைச் சாராதது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அருமையான தமிழ்ச் சொற்கள் யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே காட்சி தரும்.

ஆதலின், கோப்புகளை மட்டும் நகலெடுத்து வைப்பது எங்களுக்குப் போதியதன்று. கணினியை எழுப்பி இயக்கும் விண்டோஸ், அதன்மேல் நிறுவிய மென்பொருள்கள், எழுத்துருக்கள், அச்சுப்பொறிக்கான அமைப்புகள் ஆகிய அனைத்தும் குடியிருக்கும் சி டிரைவ் முழுவதையுமே பிரதியெடுத்தல் வேண்டும். கோப்புறைகளைச் சுட்டி வேறு டிஸ்க்கில் ஒட்டிவிட்டால் இப்பணி முடிந்துவிடாது. கணினி எழும்போது முதலில் படிக்கும் பகுதி நம் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்திருக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸின் கோப்புகள் சில நகலெடுக்க இடந்தரமாட்டா. எனவேதான் டிஸ்க்கை உள்ளவாறே படம் பிடித்தாற்போல் எடுக்கும் முறை தோன்றிற்று. இதனை இமேஜ் என்பர்.

எங்கள் தங்கை மகன் இதற்கொரு வழியைக் கற்பித்தான். தைவான் நாட்டில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் குளோன்சில்லா என்ற மென்பொருளைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, விண்டோஸுக்குப் பதில் அதனைக்கொண்டே கணினியை எழுப்புதல் அவ்வழி. அப்போது சி டிரைவ் உறங்கும் நிலையில் இருப்பதால், எல்லாப் பகுதிகளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இமேஜாகச் சேமிக்கலாம். "பெரியம்மா, எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை இருமுறை படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். மீட்கும்போது மாறிவிட்டால் உள்ளதும் அழிந்துவிடும்" என்று அவன் எச்சரித்தான். அதனைத் தாளில் எழிதி மேசைமேல் ஒட்டினோம். அன்று முதல் வாரந்தோறும் சனிக்கிழமை மாலையில் பிரதி எடுப்பதும், அது பழுதற்றதா என அம்மென்பொருளைக்கொண்டே சோதிப்பதும் எங்கள் வழக்கமாயின.

ஒரு புதன்கிழமை காலை கணினி எழவில்லை. பழுதுபார்க்கும் தம்பி வந்து நோக்கிவிட்டு, "டிஸ்க் போய்விட்டது ஐயா. புதியது போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதுதான்" என்றார். பேஜ்மேக்கரின் குறுந்தகடு படிக்க இயலாதபடி மங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாள் அச்சேற வேண்டிய நினைவஞ்சலி அட்டை ஒன்றும் இருந்தது. இளவயதில் மகனை இழந்த தாய், முதலாம் ஆண்டு நினைவுக்காகச் சென்ற ஆண்டின் அட்டையையே சிறிது மாற்றித் தருமாறு கேட்டிருந்தார்.

பழையதனினும் கொள்ளளவிற் குறையாத புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிப் பொருத்தச் செய்து, வெளி டிஸ்க்கிலிருந்த இமேஜை அதில் இறக்கினோம். பிற்பகலில் கணினி எழுந்தது. பேஜ்மேக்கரும் பாமினியும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த அட்டையைத் திறந்தபோது மகனின் பெயர் ஓரெழுத்தும் சிதையாமல் விளங்கிற்று. சனிக்கிழமைக்குப் பின் செய்த மூன்று நாள் வேலை மட்டும் இல்லை. மெய்ப்புத் தாள்களைப் பார்த்து இரவு வரை மீண்டும் தட்டச்சு செய்தோம். அட்டை குறித்த நேரத்தில் அச்சுக்குச் சென்றது.

பெரிய நிறுவனங்களுக்கும் இச்சோதனை நேர்ந்ததுண்டு. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில், டாய் ஸ்டோரி 2 என்ற திரைப்படத்தின் கோப்புகளிற் பெரும்பகுதி தவறான கட்டளை ஒன்றினால் அழிந்தது. காப்புப் பிரதியை நாடியபோது அதுவும் பழுதாய் இருக்கக் கண்டனர். கைக்குழந்தையைப் பேணியவாறே வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சூஸ்மன் என்ற பெண்மணியின் இல்லக் கணினியில் இருந்த பிரதியே அப்படத்தைக் காத்தது. பிரதி இருந்தால் மட்டும் போதாது, அது நலமாயும் வேறிடத்திலும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மற்றுமோர் எச்சரிக்கையும் உண்டு. 2017ஆம் ஆண்டு மே திங்களில் வான்னாகிரை என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இத்தகைய நிரல்கள் கணினியோடு இணைந்திருக்கும் வெளி டிஸ்க்கையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே பிரதி எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்தல் நலம். இயன்றால் மற்றொரு பிரதியை உறவினர் இல்லத்தில் வைக்கலாம். மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வெளியிடத்தில் என்பதே அறிந்தோர் கூறும் நெறி.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. வெளி டிஸ்க் ஒன்றும், பென் டிரைவ் ஒன்றும், வாரத்தில் ஒரு மாலைப்பொழுதும் போதும். இல்லத்தில் கணினி வைத்திருக்கும் அன்பர்களே, வரும் சனிக்கிழமையே தொடங்குங்கள். உங்கள் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பேணிக் காக்கும் பழக்கம் அவர்களுக்கும் கைவரட்டும்.