கேஸ் போட்டுவிடுவார்கள் என்றேன்

மானூர் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்தி விதை விற்ற காலத்தில் விவசாயிகளிடம் ஒரு பொய் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன்.

2002 மார்ச்சில் மத்திய அரசு பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல். 2006இல் ஆந்திர அரசு வழக்குக்குப் போன பிறகுதான் 750க்கு இறங்கியது. கரிசலில் கருங்கண்ணிப் பருத்தி போட்டவர்களுக்கு அந்த விலை புதிது. அவர்கள் பருத்திக்கொட்டையைச் சாணிப்பாலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அதையே விதைத்துப் பழகியவர்கள்.

அப்படி ஒருவர் கேட்டார்: “அண்ணாச்சி, இதுல கொட்டைய எடுத்து வச்சி அடுத்த வருசம் போடலாமா?”

“போட்ராதிய. பேட்டண்ட் இருக்கு. கம்பெனிக்காரன் கேஸ் போட்ருவான்.”

அவர் முகம் மாறியது. மறு வருஷம் நகையை அடகு வைத்துவிட்டு வந்து இரண்டு பாக்கெட் வாங்கிப் போனார்.

அப்படி எந்தக் கேஸும் வராது. நான் முதலில் விற்ற போல்கார்டு மரபணுவுக்கு இந்தியாவில் காப்புரிமையே கிடையாது. பின்னால் வந்த போல்கார்டு 2க்குத்தான் வாங்கினார்கள். அதற்கும் விவசாயி பயப்பட வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், 39ஆம் பிரிவில், விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

உண்மையான காரணம் வேறு. அது வீரிய ஒட்டு விதை. எடுத்து வைத்துப் போட்டால் செடி நெட்டையும் குட்டையுமாக வரும், சிலதில் பி.டி. குணமே இருக்காது. வருஷா வருஷம் கடைக்கு வரவைப்பது காப்புரிமையைவிட இந்த ஒட்டுதான். இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: ஒட்டு இல்லாத ரகம் இல்லையா? சீனத்தில் பி.டி. மரபணுவை ரகப் பருத்தியிலும் ஏற்றியிருந்தார்கள். அங்கே விவசாயிகள் விதை எடுத்து வைத்தார்கள். இங்கே கேட்டால் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துக் கருங்கண்ணி ரகங்களைக் காட்ட வேண்டியிருக்கும். அதில் எனக்கு ஒரு ரூபாய் கமிஷன் இல்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. சேரன்மகாதேவியில், கன்னடியன் கால் பாசனத்தில், எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. கார் பருவத்துக்கு அம்பை 16 நெல் போடுவோம், 1986இல் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. ஒருதரம் வாங்கிய விதையை மூன்று நான்கு வருஷம் எடுத்து வைத்து விதைப்போம். பக்கத்து வயல்காரர் கேட்டால் ஒரு மரக்கால் அளந்து கொடுப்போம். ஆற்றுப்பாசனத்துக்காரனான நான் அனுபவித்த உரிமையை, மழையை நம்பி விதைக்கிறவரிடம் குற்றம் என்று சொன்னேன்.

அப்போது பாக்கெட்டோடு 120 கிராம் பி.டி. அல்லாத விதையும் வந்தது. வயலைச் சுற்றி அதைப் போட்டால்தான் காய்ப்புழு பி.டி.யை எதிர்க்கப் பழகாது. “அத தூரப் போடுங்க” என்றேன். விளக்கிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. புழு பழகியபோது மருந்து விற்றதும் நான்தான்.

இப்போது கேட்கிறவர்களுக்குச் சட்டத்தையும் ஒட்டு விதையின் குணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். அன்றைக்குக் கேட்டவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவர் இன்றும் என் கடையில்தான் விதை வாங்குகிறார், எடுத்து வைக்கலாமா என்று திரும்பக் கேட்டதே இல்லை.